தரிசு என்றவர் யார்?

அரிசி விலையும் கூலி உயர்வும் இருக்க, காட்டுப் பூவுக்கா இந்தப் பத்தியில் இடம் என்று சில தோழர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். அந்தப் பூ நிற்கும் மண்ணைப் பற்றித்தான் நாம் பேச வந்தோம்.

நீலகிரியின் உயர்ந்த புல்வெளிகளில் செரோபீஜியா புசில்லா என்றொரு குறுஞ்செடி உண்டு. மழைக்காலத்தில் புல்லோடு புல்லாக நின்று பூக்கும். இந்த இனத்துப் பூ ஒரு சிறு குழல், அடி புடைத்திருக்கும். வாடை பிடித்து வரும் சின்னஞ்சிறு ஈ வழுக்கி உள்ளே விழும். உட்புறத்து மயிர்கள் கீழ்நோக்கி நிற்பதால் மேலே ஏற முடியாது. சிறைதான், ஆனால் கொலைக்களம் அல்ல. உள்ளே தேன் உண்டு. மகரந்தப் பொதி ஈயின் வாயுறுப்பில் மாட்டிக்கொள்ளும். மயிர்கள் வாடியதும் கதவு திறக்கும். ஈ வெளியேறி அடுத்த பூவில் போய் விழும். தென்னாப்பிரிக்காவில் இதே இனத்துக் கொடியொன்று, தாக்குண்ட தேனீயின் வாடையை அப்படியே எழுப்பி, அடிபட்ட தேனீயை உறிஞ்ச வரும் ஈயை ஏய்க்கிறது என்று 2016-இல் கண்டறிந்தார்கள். ஏய்ப்பதில் நம் ஊர்க் கந்துவட்டிக்காரன் இதனிடம் பாடம் கேட்கவேண்டும்!

17-ஆம் நூற்றாண்டில் கொச்சியை ஆண்ட டச்சுக்காரர் வான் ரீட், மலையாள நாட்டுச் செடிகளைப் பற்றி நூல் செய்ய முனைந்தபோது, ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனைக் கேட்டு எழுதினார். தீண்டத்தகாதவர் என்று ஊர் ஒதுக்கிய குலத்தவரின் அறிவு, 1678 முதல் ஆம்ஸ்டர்டாமில் அச்சேறியது. இந்த இனத்துக் கொடி ஒன்றின் படமும் அந்நூலில் உண்டு.

பின்னால் வந்த வெள்ளையர் யாரைக் கேட்டார்கள்? எருமை மேய்த்த தோடரையா? புல்வெளியைத் தரிசு என்றார்கள். 1843-இல் தைலமரத்தைக் கொண்டுவந்தார்கள். விடுதலைக்குப் பின் நம்மவர்களும் அதே பாதையில், தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகையும், ரேயான் ஆலைக்காகத் தைலமரமும் மலைமலையாக நட்டார்கள். நிழல் விழுந்த இடத்தில் புல் செத்தது. புல்லோடு அதன் குடிகளும் போயின.

எஞ்சிய புல்வெளியை மழைக்காலத்தில் அளக்கவேண்டும் என்கிறோம். கோடையில் இந்தச் செடி மண்ணுக்குள் கிழங்காகத் தூங்கும்; அப்போது ஜீப்பில் வந்து பார்த்தால் "ஒன்றுமில்லை" என்றுதான் எழுதத் தோன்றும். சீகையை ஒருமுறை வெட்டிப் போட்டாலும் தீராது. விதையும் வேரும் மறுபடி முளைக்கும். ஆண்டுதோறும் களையெடுக்க ஆள் வேண்டும். அந்த வேலையை ஒப்பந்தக்காரர் கையில் கொடுக்காமல், மலைவாழ் தொழிலாளருக்கே முழுக் கூலியோடு கொடுக்கட்டும்.