காற்பங்கு ஆசானுடையது, முக்காற்பங்கு யாருடையது?

கோவை வட்டாரத்தில், பத்தாம் வகுப்பை முடிக்கு முன்னரே மகனைப் பள்ளியினின்று நிறுத்திக் கடைசற் பட்டறைக்கோ பின்னலாடைக் கூடத்திற்கோ அனுப்பிவிடும் தந்தையரிடம் கரணியம் வினவினால், விடையாக ஓர் எதிர்வினாவே வருவதுண்டு: “ஜி.டி. நாயுடு எந்தக் கல்லூரியில் படித்தார்?” கேட்டவர் அதற்குமேற் பேசமாட்டாமல் திரும்பிவிடுவார்.

அதே கொங்கு நாட்டில் இன்னொரு தந்தையும் இருக்கின்றார். அவர் தோட்டத்தை அடகு வைத்தேனும் மகனை விடுதிப் பள்ளியொன்றிற் சேர்ப்பார். அங்கே விடியுமுன் எழுப்பப்படும் பிள்ளை, இரவு கண்ணிமை தாழும்வரை வினாவிடைகளை நெட்டுருச் செய்துகொண்டிருப்பான். மதிப்பெண் குவிந்தால் கல்வி வந்துவிட்டது என்று அத்தந்தை நம்புவார். முன்னவர்க்குப் பள்ளி வேண்டாத சுமை. பின்னவர்க்குப் பள்ளியே கல்வி முழுமையும். இருவரும் எதிரெதிர்த் திசையில் நடப்பவர் போலத் தோன்றினும், இருவர் செய்வதும் ஒரே கணக்குப் பிழையே. அக்கணக்கு எது என்பதைத் தெளிவுறுத்துமுன், நாயுடு பற்றிய வினாவுக்கு நேரான விடை கூறியாக வேண்டும்.

சூலூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-ஆம் ஆண்டிற் பிறந்த கோ. து. நாயுடு, தொடக்கப் பள்ளிப் படிப்பையே முறையாக முடித்தவரல்லர். ஆங்கிலேய அலுவலர் ஒருவர் ஓட்டிவந்த உந்து மிதிவண்டி அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அத்தகைய வண்டியொன்றை வாங்கும் பொருட்டுக் கோவைக்கு வந்து, உணவு விடுதியில் ஏவல் வேலை செய்து பணம் சேர்த்தார். வாங்கிய வண்டியை உறுப்புறுப்பாகக் கழற்றினார். ஒவ்வோர் உறுப்பும் எதற்கென்று ஆய்ந்தார். மீண்டும் பூட்டி ஓட்டினார். 1920-ஆம் ஆண்டிற் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தோடு அவர் தொடங்கிய தொழில், பின்னர்ப் பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1937-ஆம் ஆண்டில், பாலசுந்தரம் நாயுடுவும் அவரும் கூடி உழைத்ததன் பயனாக, இந்தியாவிற் செய்யப்பெற்ற முதல் மின்னோடி கோவையில் உருவாயிற்று.

இவ்வளவும் உண்மை. ஆயினும் வரலாறு இங்கே முடியவில்லை. முடிந்துவிட்டதாகக் கொள்வதுதான் தந்தையர் செய்யும் பிழை. பள்ளியில் நிலைத்துப் படிக்காத அதே மாந்தர், 1945-ஆம் ஆண்டில் தம் பொருளை வாரி வழங்கிக் கோவையிற் பொறியியற் கல்லூரியும் பல்தொழில்நுட்பப் பள்ளியும் தோன்ற வழிவகுத்தார். அந்நாளைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஓப்பு பெயரால் அமைந்த அக்கல்லூரியே, இன்று தடாகம் சாலையில் விளங்கும் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. பள்ளி வேண்டா என்று கருதியவர் கல்லூரி காண்பாரா? அவருக்கும் அரசுக்கும் எழுந்த பிணக்கு, கல்வி வேண்டுமா வேண்டாவா என்பதன்று. நான்காண்டு நீட்டிப் பயிற்றுவதைச் செய்முறையோடு செறிவாகப் பயிற்றினால் மிகக் குறைந்த காலத்தில் முடிக்கலாம் என்பதே அவர் கொள்கை. அரசு அதனை ஏற்கவில்லை. அவர் பொறுப்பினின்று விலகினார். கல்வியின் காலத்தைக் குறுக்க வேண்டும் என்றாரேயன்றி, கல்வியையே அறுக்க வேண்டும் என்றாரல்லர்.

இன்னுமொரு வேற்றுமையையும் கருதவேண்டும். நாயுடு கழற்றிய வண்டி அவருடையது. பட்டறைக்கு அனுப்பப்படும் சிறுவன் முன் நிற்கும் பொறி முதலாளியுடையது. அதைக் கழற்றிப் பார்க்க யார் அவனை விடுவர்? காலை முதல் மாலை வரை ஒரே அளவில் ஒரே துளையை இட்டுக்கொண்டிருப்பதே அவன் வேலை. ஈராண்டு கழிந்தபின் அவன் கை விரைவு பெற்றிருக்கும். அறிவு நின்ற இடத்திலேயே நிற்கும். தற்கல்விக்குக் கருவி வேண்டும், ஓய்வு வேண்டும், ஐயம் கேட்க ஆள் வேண்டும். இம்மூன்றும் இல்லாத இடத்தில் மகனை விட்டுவிட்டு நாயுடுவின் பெயரைச் சொல்வது, அப்பெருமகனுக்கும் இழுக்கு, மகனுக்கும் கேடு.

அவ்வாறாயின், கல்வியில் ஆசானுக்குரிய பங்கு எவ்வளவு? கற்பவனுக்குரிய பங்கு எவ்வளவு? இதற்கு விடை தேடி மேலை நாட்டு உளநூல்களைப் புரட்ட வேண்டுவதில்லை. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகட்கு முன், சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரத்திலேயே அக்கணக்குத் திட்டவட்டமாக உள்ளது. பெருந்துறையை அடுத்த சீனாபுரமே அவர் பிறந்த சனகாபுரம் எனக் கொங்குநாட்டறிஞர் கொள்வர். ஆகவே அது கொங்கு மண்ணின் கணக்கு என்று உரிமை பாராட்டுவதும் தகும்.

அக்கணக்கு இது. ஆசான் கூறுவதை மாணாக்கன் எத்துணைச் செம்மையாகக் கேட்டுக்கொண்டாலும், அவன் பெறுவது புலமையிற் காற்பங்கே. தன்னையொத்த மாணாக்கரோடு கூடிப் பயில்வதால் இன்னொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்கு விளங்க எடுத்துரைப்பதனாலேயே நிரம்பும். பள்ளியைத் துறப்பவன் முதற் காற்பங்கை இழக்கின்றான். வகுப்பறைக் குறிப்பை நெட்டுருச் செய்வதோடு நிற்பவன் பின் முக்காற்பங்கை இழக்கின்றான். மேற்கூறிய இரு தந்தையரின் கணக்குப் பிழையும் இதுவே.

முதற் காற்பங்கு சிறிதென்று எண்ணிவிடலாகாது. அது விதைநெல் போன்றது. தாமே கற்றவர் என்று போற்றப்படுவோர் வரலாற்றை ஊன்றிப் பார்த்தால், எங்கோ ஓர் ஆசான் நிற்பது புலப்படும். தனித்தமிழ் இயக்கத்தின் தந்தை மறைமலையடிகள், தந்தையை இழந்தமையால் நாகையில் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஆயினும் அவர் தமிழைத் தனியே இருந்து கற்றாரல்லர்; அவ்வூரில் நூற்கடை நடத்திய நாராயணசாமிப் பிள்ளையிடம் முறையாகப் பாடங்கேட்டார். அந்த அடித்தளத்தின்மேல் தம் உழைப்பால் எழுப்பிய புலமையே, 1898-ஆம் ஆண்டில் அவரைச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் தமிழாசிரியராக்கியது. அவருக்குக் கிடைக்காதது பள்ளிக்கூடமே, ஆசான் கிடைத்தார்.

கொங்கு நாட்டுக் கிணறுகளில் நீரிறைக்கும் மின்னோடிகளுக்கெல்லாம் மூலமான உண்மைகளைக் கண்ட மைக்கேல் பாரடேயின் வாழ்வும் இதையே காட்டும். அவர் இலண்டனிற் கொல்லர் ஒருவரின் மகன். நூல் கட்டும் கடையில் வேலை பயிலச் சென்று, கட்டவந்த நூல்களைப் படித்தே அறிவியற் பற்றுக் கொண்டார். ஆனால் அவரும் அதனோடு நின்றாரல்லர். தம்மையொத்த இளைஞர் கூடி அறிவியல் பேசும் கழகமொன்றிற் சேர்ந்து பயின்றார். 1812-ஆம் ஆண்டில் ஆம்பிரி தேவி என்னும் அறிஞரின் சொற்பொழிவுகளைக் கேட்டு, கேட்டவற்றையெல்லாம் தம் கையால் விரித்தெழுதி, நூலாகக் கட்டி, அவ்வறிஞருக்கே அனுப்பினார். அடுத்த ஆண்டு அவருக்கு உதவியாளரானார். 1831-இல் மின்தூண்டலைக் கண்டறிந்தார். பொதுமக்களுக்கும் சிறுவர்க்கும் அறிவியலை விளக்கிப் பேசுவதைத் தம் கடமையாகவே கொண்டிருந்தார். ஆசான், உடன்பயில்வோர், எடுத்துரைத்தல் என்னும் நன்னூற் கணக்கின் மூன்று கூறுகளும் அவரிடம் குறையாமல் நிரம்பியிருந்தன. நன்னூலை அவர் அறியார். ஆனால் கற்கும் நெறி எந்நாட்டிலும் ஒன்றே.

இனி மதிப்பெண் பித்துக்கு வருவோர் நிலை யாது? பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே குறியாகக் கொண்ட தனியார் பள்ளிகள் பலவற்றில், பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டும் உருப்போடச் செய்யும் வழக்கம் வேரூன்றியிருந்தது. அதனைத் தடுக்கவே 2017-18-ஆம் கல்வியாண்டிற் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. 2025-26-ஆம் கல்வியாண்டினின்று அது நீக்கப்பட்டுவிட்டது. சட்டம் வரலாம், போகலாம். பாதி நூலைப் பிள்ளை படிக்காவிட்டாலும் பரவாயில்லை, மதிப்பெண் வந்தாற் போதும் என்னும் பெற்றோர் உள்ளம் மாறாதவரை, எந்தச் சட்டம் வந்தும் என்ன பயன்? இவ்வாறு உருப்போட்டவன் கல்லூரிக்குள் நுழைந்த முதல் திங்களிலேயே தடுமாறுகின்றான். வினாவும் விடையும் சேர்த்து ஊட்டப்பட்டவனுக்குத் தானே ஒரு நூலைத் திறந்து கற்கும் வழக்கம் இல்லாமையே அதற்குக் கரணியம்.

எஞ்சிய அரைப்பங்கிலேதான் மொழிச் சிக்கல் வந்து நிற்கின்றது. பிறர்க்கு எடுத்துரைத்தல் எந்த மொழியில் நடக்கும்? கோவை மாணாக்கன் ஒருவன் மின்னியற் பாடத்தை ஆங்கிலத்தில் உருப்போட்டு நூற்றுக்கு நூறு பெறுகின்றான். விடுமுறைக்கு ஊர் திரும்புகின்றான். தோட்டத்துக் கிணற்று மின்னோடி சூடேறிப் புகைந்து நின்றுவிடுகின்றது. “இஃது ஏன் இப்படி ஆயிற்று, கண்ணு?” என்று தாய் கேட்கின்றாள். அவன் வாயில் நாலைந்து ஆங்கிலக் கலைச்சொற்கள் வருகின்றன, விளக்கம் வரவில்லை. தாய்க்கு விளங்கவில்லை என்பது சிறிய செய்தி. தனக்கே விளங்கவில்லை என்பதை அவன் அறியாமலிருப்பதே பெரிய செய்தி. ஒன்றைத் தாய்மொழியிற் பிறர்க்கு விளக்க முடியாதவன் அதனை இன்னும் கற்கவில்லை என்பதே உண்மை. பாரடே படித்த நூல்களும் கேட்ட சொற்பொழிவுகளும் அவர்தம் தாய்மொழியில் இருந்தன. அவை இலத்தீனில் மட்டும் இருந்திருப்பின், கொல்லன் மகன் நூல் கட்டுபவனாகவே முடிந்திருப்பான்.

இவ்வுண்மையை உணர்ந்து கொங்கு மண்ணிலேயே நற்பணிகள் நடந்துள்ளன. திருப்பூரிற் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம் தலைமையிலான தமிழ் வளர்ச்சிக் கழகம், கொங்கு நாட்டுப் பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வெளியிட்டது. அதன் நடையில் வடசொற் கலப்பு உண்டெனினும், ஆங்கிலம் அறியாத தமிழனும் உலக அறிவைத் தானே கற்கத் திறந்த பெருவாயில் அது. 1960-ஆம் ஆண்டிற் கோவை அரசு கலைக் கல்லூரியிலே கலைப் பாடங்களைத் தமிழிற் பயிற்றும் முன்னோடித் திட்டம் தொடங்கப்பெற்றது. 2010-ஆம் ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகத்திற் கட்டடப் பொறியியலும் இயந்திரப் பொறியியலும் தமிழ்வழியிற் கற்பிக்கப்படலாயின. ஆயினும் உயர்கல்வியின் பெரும்பகுதி இன்றும் ஆங்கிலத்திலேயே நடக்கின்றது. முன்னோடித் திட்டம் தொடங்கி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் முன்னோடியின் பின்னே கூட்டம் வரவில்லையெனில், குற்றம் தமிழினுடையதன்று, தமிழரின் ஊக்கமின்மையினுடையது.

அரசு செய்ய வேண்டியதை அரசிடம் கேட்டுப் பெறுவது ஒருபுறம் நடக்கட்டும். மாணாக்கன் அதுவரை காத்திருக்க வேண்டுவதில்லை. கற்பவன் கைக்கொள்ள வேண்டியவை ஏழு என்று நன்னூல் வகுக்கின்றது. உலக வழக்கை அறிதல், பாடத்தைப் போற்றிக் காத்தல், கேட்டதை மீண்டும் எண்ணுதல், ஆசானை அணுகி மறுபடியும் கேட்டுத் தெளிதல், ஒத்தாரோடு பயிலல், வினவுதல், பிறர் வினவியதற்கு விடை கூறல் என்பன அவை. இவற்றை இற்றை நாளுக்கேற்ப நடைமுறைப்படுத்துவது கடினமன்று. 

பள்ளியிற் கேட்ட பாடத்தை அன்று மாலையே, நூலை மூடிவைத்து, தன் சொற்களில் ஒரு பக்கம் தமிழில் எழுதுக. எழுத வராத இடமே விளங்காத இடம். அதனைக் குறித்துக்கொண்டு மறுநாள் ஆசிரியரிடம் கேட்க. கிழமைக்கு ஒருநாள் தோழர் இருவர் மூவராய்க் கூடி, ஒருவர் வினவ மற்றவர் விடை கூறுக. விடுமுறை நாளில், தெருவிலுள்ள இளைய பிள்ளைகள் நால்வரைத் திண்ணையில் அமர்த்தி, கற்றதை அவர்க்குக் கற்பிக்க. ஊரில் நூலகம் இருப்பின் பாடநூலுக்கு அப்பாற்பட்ட ஒரு நூலைத் திங்களுக்கு ஒன்றாவது படிக்க. இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. தோட்டத்தை அடகு வைக்க வேண்டுவதும் இல்லை.

வறுமையால் ஏற்கெனவே பட்டறைக்குச் சென்றுவிட்ட இளைஞனுக்கும் கதவு மூடிவிடவில்லை. 1926-இல் நிறுவப்பெற்ற பூ.சா.கோ. அறநிலையம், பட்டறையும் பாடமும் அடுத்தடுத்து நிற்கக் கோவையிலேயே வழிகாட்டியது. கைத்தொழிலும் நூலறிவும் பகையல்ல என்பது இந்நகர் நன்கறிந்த செய்தி. தொழிற்பயிற்சி நிலையங்களும் அஞ்சல்வழிக் கல்வியும் தனித்தேர்வும் உள்ளன. அவன் இழந்தது முதற் காற்பங்கு மட்டுமே. அதனை எவ்வகவையிலும் மீட்கலாம்.

தந்தையரே! மகனைப் பள்ளியினின்று நிறுத்துமுன், நாயுடு தம் பொருளை எதற்கு ஈந்தார் என்பதை ஒருமுறை நினையுங்கள். மகனை நெட்டுருக் கூடத்திற்கு அனுப்புமுன், மூன்று பங்கை விட்டு ஒரு பங்குக்கே விலை கொடுப்பதை எண்ணுங்கள். தமிழ் மாணாக்கனே! ஆசானின் பங்கைப் பணிவோடு பெறு. தோழரின் பங்கை அன்போடு பெறு. எஞ்சிய அரைப்பங்கை உன் தாய்க்கும் தம்பிக்கும் தமிழில் எடுத்துரைத்து நிரப்பு. அந்நாளில் உன் கல்வியும் நிறையும். உன் மொழியும் நிறையும்.