பின்னல் நூலும் தனிக் கத்தரிக்கோலும்

நயினாதீவில் மாரி மழையை நம்பி நெல் விதைக்கும் கமக்காரருட் சிலர் தூண்டிலும் போடுவர். தங்கூசியைச் சாதாரணக் கத்தியே அறுக்கும். பின்னல் நூல் அவ்வாறன்று. அதன் பொலித்தீன் இழைகள் மிக மெல்லியன, வழுக்குவன; மழுங்கிய அலகு அவற்றை வெட்டாது பிரித்துவிடும். பிரிந்த நுனி தூண்டிலின் கண்ணுள் நுழையாது. அரிவாளையோ சத்தகத்தையோ கொண்டு வலிந்திழுத்தால் கை அறுபடும். களை பிடுங்கவும் கதிர் அரியவும் அக்கையே வேண்டும்.

ஆதலின், நுண்பல் வெட்டிய சிறு கத்தரிக்கோலொன்றை இதற்கெனத் தனியே வைத்திருத்தல் வீண்செலவன்று. நூலை இழுத்துப் பிடித்து ஒரே அழுத்தில் வெட்டுக. கத்தரிக்கோலில் உப்புநீர் பட்டால் நன்னீரிற் கழுவித் துடைத்து எண்ணெய் பூசுக. நறுக்கிய துண்டுகளைத் தோட்டத்தில் எறியற்க. அவை மண்ணில் மக்கா. புல்லோடு மாட்டின் வயிற்றுட் செல்லும்.