மல்லிகை வாடாத புயல்



தமுக்கம் புத்தகத் திருவிழாவில் அட்டையைப் பார்த்து மயங்கி ஒரு நாவல் வாங்கினேன். கொந்தளிக்கும் கடல், நடுவே ஒரு படகு, அதில் தாவணி பறக்க ஒரு பெண். மதுரைக்காரனைக் கவிழ்க்க இது போதாதா? நமக்குக் கோயில் உண்டு, ஆறு உண்டு (தண்ணீரைப் பற்றிக் கேட்காதீர்கள்), கடல் மட்டும்தான் கிடையாது. நம் வைகைகூட ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. கடல் கதை என்றால் இந்த ஊர்க்காரர்களுக்கு எப்போதும் ஒரு சபலம்.

கதை நடப்பது 1964 டிசம்பரில், தனுஷ்கோடியில். தலைமன்னார் கப்பலுக்காக வந்து காத்திருக்கும் ஒரு பெண், அவளைப் பார்த்துக் கிறங்கும் ஒரு படகுக்காரன். முதல் 40 பக்கம் டீ ஆறியது தெரியாமல் படித்தேன். அப்புறம் புயல் வந்தது. கதை அங்கேயே மூழ்கிவிட்டது.

நிஜத்தில், டிசம்பர் 22ஆம் தேதி ராத்திரி, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலை அலை அப்படியே வாரிக்கொண்டு போனது. அந்த ஒரு ரயிலிலேயே நூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள். ரயில் நிலையம், தபால் நிலையம், சுங்க அலுவலகம் என்று எல்லாம் இருந்த ஊர் விடியும்போது இடிபாடாகக் கிடந்தது. நாவலில் அந்த ரயிலுக்கு இரண்டு வரி. காதலர்கள் கட்டிக்கொள்வதற்கு மூன்று அத்தியாயம். ராத்திரி முழுக்க அலையில் அல்லாடிக் கரை ஒதுங்குகிறவள் கூந்தலில் மல்லிகை வாடாமல் மணக்கிறது! மார்கழிப் பனியில் மல்லி வரத்து ரொம்பக் குறைவு. ஒரு முழம் வாங்கவே யோசிக்க வேண்டும். பூ மார்க்கெட்டுக்கு ஒரு நடை போய்வந்திருந்தால் இந்த வரி தப்பியிருக்கும்.

எங்கள் அலுவலகத்தில் பிழை திருத்தும் தம்பி தொண்டிப் பக்கத்துக்காரர். புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, இம்புட்டு நேரம் கடல்ல கெடக்காக, ஒருத்தருகூட வாந்தி எடுக்கலையே? வாடைக் காத்தா, கொண்டலான்னும் போடலை. பேரு தெரியாத காத்துக்கு எவன் பாயை இறக்குவான்?"

இத்தனைக்கும் மதுரையில் உட்கார்ந்து கடலை எழுத முடியாது என்றில்லை. மணிமேகலை எழுதிய சீத்தலைச் சாத்தனாரை மதுரைக் கூலவாணிகன் என்றுதானே சொல்கிறார்கள்? அதில் சாதுவன் என்பவன் கணிகையிடம் காசைத் தொலைத்துவிட்டுப் பிழைக்கக் கப்பலேறுகிறான். கப்பல் உடைகிறது. ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் மலையில் ஒதுங்குகிறான். அவன் உயிர் பிழைப்பது நாகர்களின் பாஷை தெரிந்ததால். ஊரில் அவன் மனைவி ஆதிரை அவன் இறந்தான் என்று நம்பித் தீயில் இறங்க, தீ அவளைச் சுடவில்லை. அதை நம்புகிறேன், வாடாத மல்லிகையை நம்ப முடியவில்லை. சாதுவன் காசு தொலைத்த கதையைச் சாத்தனார் முதலிலேயே சொல்லி நம்மை அவனோடு கப்பலேற்றிவிட்டாரே, அதனாலோ என்னவோ.

நம் காலத்திலும் ஒருவர் இருந்தார். சிங்கம்புணரியில் பிறந்த ப. சிங்காரம். 1938இல் இந்தோனேசியாவின் மேடானுக்கு வேலைக்குப் போனார், போர்க்காலத்தில் அங்கே இருந்தார், 1946இல் திரும்பினார். பிறகு மதுரை தினத்தந்தியில் வேலை, ஒய்.எம்.சி.ஏ. அறையில் தனிவாசம். 1972இல் வெளிவந்த 'புயலிலே ஒரு தோணி'யில் தொங்கான் என்னும் சரக்குத் தோணி புயலில் மாட்டும்போது அதில் இருப்பவர்கள் சரக்கோடு பினாங்குக்குப் போகும் வியாபாரிகள். கட்டிக்கொள்ள அங்கே யாரும் இல்லை. படிக்கிற நமக்குத்தான் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். காதலை அவர் 'கடலுக்கு அப்பால்' நாவலில் வைத்தார். அதில் போரிலிருந்து உயிரோடு திரும்பி வருகிறவனுக்குப் பெண் தர மறுப்பவர் அவளுடைய அப்பா. புயலைவிடப் பெரிய ஆபத்து வட்டிக்கடைப் பெட்டியடியில் உட்கார்ந்திருக்கிறது.

புது நாவலாசிரியர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த 40 பக்கத்துக்காகவே அவருடைய அடுத்த புத்தகத்தையும் காசு கொடுத்து வாங்குவேன். இப்போதைக்கு நாவல் தொண்டித் தம்பியிடம் இருக்கிறது. ஊரில் இருக்கும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டப் போகிறாராம். புயல் வந்தபோது அந்த அம்மா சின்னப் பிள்ளை. அவர் என்ன சொன்னார் என்று அடுத்த இதழில் எழுதுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்