கீசருக்கு எம்சிபி மட்டும் போதாது

குளியலறையில் ஷாக் அடித்து உயிர் போனதாகச் செய்தி வந்தால், கீசரைத்தான் முதலில் குறை சொல்கிறோம். பழுதான கீசர் ஆளைக் கொல்ல, வீட்டு வயரிங்கும் துணைபோக வேண்டும். எலிமென்ட் என்றாவது ஒருநாள் பழுதாகத்தான் செய்யும். உப்புச் சத்து மிகுந்த போர்வெல் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகளில் அந்த நாள் சீக்கிரமே வந்துவிடுகிறது. உப்பு கெட்டியாகப் படியப் படிய, எலிமென்டின் சூடு தண்ணீருக்குப் போக வழியில்லாமல் அதன் உலோக உறை அளவுமீறிக் காய்ந்து, அரித்து, வெடிப்பு விடுகிறது. உறைக்குள் காப்பாக அடைத்திருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு தூளில் ஈரம் ஏறியதும் மின்சாரம் தண்ணீருக்குக் கசியத் தொடங்குகிறது. அப்போதும் தண்ணீர் வழக்கம்போல் சுடுவதால், வீட்டில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

'எம்சிபி போட்டிருக்கிறோமே' என்பதுதான் பெரும்பாலோரின் தைரியம். 2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். அதோடு 1 ஆம்பியர் கசிந்தாலும் மொத்தம் 9.7தான், 16 ஆம்பியர் எம்சிபிக்கு இது சாதாரண லோடு, விழவே விழாது. மனித உடலுக்கோ அதில் சிறு பங்கே அதிகம். 30, 40 மில்லி ஆம்பியர் சில விநாடிகள் நெஞ்சு வழியாகப் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. வயர் கருகாமல் காப்பதுதான் எம்சிபியின் வேலை. ஆளைக் காப்பது ஆர்சிசிபி. பேஸில் போன மின்சாரம் நியூட்ரலில் முழுதாகத் திரும்புகிறதா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் 0.3 விநாடிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும்.

குளிக்கும் முன் ஸ்விட்சை அணைத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். நல்ல பழக்கம்தான், விட வேண்டாம். ஆனால் சாதாரண ஸ்விட்ச் ஒரு வயரை மட்டுமே துண்டிக்கும். வயரிங்கில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால், ஸ்விட்ச் அணைந்த பிறகும் எலிமென்டில் 230 வோல்ட் அப்படியே நிற்கும். எர்த் காப்பாற்றும் என்றால், அது உண்மையிலேயே இருக்க வேண்டும். பழைய வீடுகள் பலவற்றில் மூன்று பின் சாக்கெட்டின் எர்த் துளைக்குப் பின்னால் வயரே கிடையாது. இதைவிட மோசமானது, நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயரை எடுத்து எர்த் முனையில் மாட்டிவிடும் குறுக்குவழி. பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே பல்பு வைத்துப் பார்த்தால் பளிச்சென்று எரியும். எர்த் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடுவோம். பின்னால் எங்கோ நியூட்ரல் அறுந்தால், ஓடிக்கொண்டிருக்கும் கீசரின் உடம்பு முழுவதும் மின்சாரம் ஏறிவிடும். இது சோம்பேறித்தனம் அல்ல, குற்றம்.

ஆர்சிசிபி அடிக்கடி விழுந்து தொல்லை தருகிறது என்பது இன்னொரு வாதம். விழுகிறது என்றால், வீட்டில் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது இன்வெர்ட்டர் நியூட்ரலை வீட்டு நியூட்ரலோடு கலந்திருக்கிறார்கள். இரண்டுமே கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டியவை. அதற்காக ஆர்சிசிபியையே பைபாஸ் செய்வதை எந்த எலக்ட்ரீஷியனிடமும் அனுமதிக்கக் கூடாது. செலவென்று பார்த்தால், கீசர் விலையில் ஒரு பகுதிதான். வாடகை வீடானால் அது வீட்டுக்காரர் ஏற்க வேண்டிய செலவு. நாட்டில் ஆண்டுதோறும் மின்விபத்துகளில் 12,000 பேருக்கு மேல் இறப்பதாக தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. மின்கசிவைத் துண்டிக்கும் கருவி பற்றி மத்திய மின்சார ஆணையத்தின் 2010 பாதுகாப்பு விதிமுறைகளே பேசிவிட்டன. விதி வீட்டுக்குள் வந்து சேரத்தான் ஆளில்லை. கீசரை மாட்ட வருபவர் சுவரில் துளை போட்டு, பைப்பை இணைத்து, தண்ணீர் சுடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். எர்த்தையும் ஆர்சிசிபியையும் சோதித்து வாரண்டி அட்டையில் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே அவர் கிளம்ப வேண்டும் என்று அரசு கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். உங்கள் டிபி பாக்ஸைத் திறந்து 'டெஸ்ட்' என்றோ 'டி' என்றோ எழுதிய பொத்தானைத் தேடி அழுத்துங்கள். கரண்ட் போனால் ஆர்சிசிபி வேலை செய்கிறது. மாதம் ஒருமுறை இப்படிச் சோதியுங்கள். போகாவிட்டாலோ, அப்படியொரு பொத்தானே இல்லாவிட்டாலோ, எலக்ட்ரீஷியன் வந்து சரிசெய்யும் வரை கீசரைப் போடாதீர்கள்.