நாற்பத்தோராவது குண்டு

காதலைப் போற்றும் திரைப்படங்கள் பல. போரைக் காட்டும் படங்களும் பல. இவ்விரண்டையும் ஒரே நெஞ்சில் மோதவிட்டு, ஒன்றையும் பொய்யாக்காது முடித்த படங்களோ மிகச் சில. அவற்றுள் ஒன்றை இவ்வாரம் நேயர்களுக்கு அறிமுகஞ் செய்ய விரும்புகின்றோம். ருஷ்ய நெறியாளர் கிரிகோரி சுக்ராய் 1956இல் ஆக்கிய ‘நாற்பத்தோராவது’ என்னும் வண்ணப்படமே அது. பொரிஸ் லவ்ரெனியோவ் 1924இல் எழுதிய கதையைத் தழுவியது.

ருஷ்ய உள்நாட்டுப் போர்க்காலம். மர்யூத்கா மீனவர் குடியிற் பிறந்த அநாதைப் பெண். செஞ்சேனையிலே குறிதவறாது சுடுபவள். நாற்பது பகைவரை வீழ்த்திய அவளுடைய நாற்பத்தோராவது குண்டு தவறிவிடுகிறது. தப்பியவன் வெண்சேனையின் இளம் லெப்டினன்ற். தளபதி கொல்சாக்கிடமிருந்து தளபதி தெனிக்கினுக்கு இரகசியச் செய்தி கொண்டு செல்லும் தூதன் அவன். ஆதலின், சிறைப்பட்ட அவனை உயிருடன் தலைமையகம் சேர்க்கும் பொறுப்பு அவளுக்கு அளிக்கப்படுகிறது. எக்காரணத்தாலும் அவனை உயிரோடு பகைவரிடம் விடலாகாது என்பது கட்டளை.

கரகூம் பாலையைக் கடந்து ஆரல் கடலிற் படகேறுகின்றனர். புயலடித்து, இருவர் மட்டும் ஆளில்லாத் தீவொன்றில் ஒதுங்குகின்றனர். அவன் காய்ச்சலில் வீழ்கிறான், அவள் பேணுகிறாள். தான் கவிதை எழுதி வைத்திருந்த தாளையே அவன் புகையிலை சுற்றக் கொடுக்கிறாள். அவன் அவளுக்கு றொபின்சன் குறூசோவின் கதை சொல்லுகிறான். பகை காதலாகிறது.

ஆயினும் போர் அத்தீவையும் விட்டபாடில்லை. போரை மறந்து நூல்களோடு அமைதியாக வாழ விரும்புகிறான் அவன். நாடு எரிகையில் அவ்வாழ்வு இழிவென்று சீறுகிறாள் அவள். ஒருநாள் வெண்சேனைப் படகு தோன்றுகிறது. அவன் மகிழ்ந்து அதனை நோக்கி ஓடுகிறான். அவள் நிற்கச் சொல்லுகிறாள், அவன் நிற்கவில்லை. நாற்பத்தோராவது குண்டு இம்முறை தவறவில்லை. மறுகணமே அவனுடலைத் தழுவிக் கதறுகிறாள்.

அகத்தையும் புறத்தையும் வேறு வேறாக வகுத்தனர் நம் முன்னோர். இங்கே ஒரு பெண்ணின் இரு கைகளாக அவை நிற்கின்றன. சுட்ட கை பொய்யன்று. தழுவிய கையும் பொய்யன்று. அவள் செய்தது சரியா, தவறா என்று படம் தீர்ப்புக் கூறவில்லை. பகைவனைக் கொடியவனாகக் காட்டியிருப்பின் நம் கண்ணீர் மிஞ்சியிருக்கும், உண்மை மிஞ்சியிராது.

இரண்டாம் உலகப் போரிற் பொருது காயமுற்றவர் சுக்ராய். இதுவே அவரது முதற் கதைப்படம். இஸோல்டா இஸ்வித்ஸ்காயாவும் ஒலெக் ஸ்திரிஷேனவும் காதலராக நடித்தனர். 1957இல் கான் திரைப்பட விழா இதற்குச் சிறப்புப் பரிசளித்தது.

ஆற்றுநீர் பருத்தி வயல்களுக்குத் திருப்பப்பட்டமையால், 1960களிலிருந்து ஆரல் கடல் வற்றலாயிற்று. இன்று அதன் பெரும்பகுதி மணற்காடு. அவள் எந்த ஆட்சிக்காகச் சுட்டாளோ, அந்த ஆட்சியும் 1991இல் மறைந்தது. போரிலே வெற்றியும் தோல்வியும் பின்னர் மாறலாம். மாண்டவன் மாத்திரம் மீள்வதில்லை. மர்யூத்காவின் கதறல் நமக்கு உணர்த்துவது இதுவே.