அடைமொழி இல்லாத காந்தா

தமிழில் ‘கந்தை’ என்றால் கிழிந்து நைந்த துணி. கந்தையைக் கசக்கிக் கட்டச் சொல்லும் பழமொழியிலும் அது வறுமையின் பெயரே. வங்காளியில் ‘காந்தா’ என்றால் பழந்துணிகளை அடுக்கித் தைத்த விரிப்பு அல்லது போர்வை. இரண்டுமே ஒட்டுப்போட்ட ஆடையைக் குறிக்கும் ‘கந்தா’ என்ற சமஸ்கிருதச் சொல்லோடு உறவுடையவை. தமிழ்ச்சொல் துணியின் நிலையைச் சொல்கிறது. வங்காளச்சொல் அந்தத் துணியின்மேல் செய்யப்பட்ட வேலையைச் சொல்கிறது. இவ்வேறுபாடு அகராதியோடு முடிந்துவிடுவதில்லை. எது வேலை, எது கலை, எது இரண்டுமல்லாதது என்ற கேள்வி வரை நீள்கிறது.

குழந்தைக்கான காந்தா தைக்கும் முறை எளிமையாகத் தோன்றும். பலமுறை துவைத்து மென்மையேறிய பருத்திப் புடவைகளும் வேட்டிகளும் எடுக்கப்படுகின்றன. நைந்த பகுதி நல்ல பகுதியின்மேல் விழும்படி அவற்றை அடுக்கி, தரையில் விரித்து, மூலைகளில் கனம் வைத்துச் சுருக்கம் நீவுகிறார்கள். முதலில் நீண்ட தற்காலிகத் தையலால் அடுக்குகள் பிணைக்கப்படும். பிறகு ஊசி மேலும் கீழுமாக ஓடும் நெருக்கமான தையல். அதற்குரிய நூலையும் பழைய புடவைக் கரையிலிருந்து உருவிக்கொள்வது வழக்கமாக இருந்தது. குளிர்காலத்துக்கான ‘லேப் காந்தா’ கனமானது. குழந்தைக்குரியது சிறியது, மெல்லியது, நனைந்தால் விரைவில் காய்வது. புதுத்துணியின் கஞ்சியும் முரட்டுத்தன்மையும் போன பின்பே துணி பச்சிளம் தோலுக்கு ஏற்றதாகிறது. பிறந்த குழந்தையைப் பழைய வேட்டியில் கிடத்தும் தமிழ் வீடுகளும் இதை அறியும். எத்தனை அடுக்கு, எவ்வளவு நெருக்கம், எந்தத் துணி எத்தனை ஆண்டு தாங்கும் என்ற தீர்ப்புகள் யாவும் கைப்பழக்கத்தில் தங்கிய அறிவு.

பீகாரில் இதே மரபின் பெயர் ‘சுஜனி’. பிறப்போடு தொடர்புடைய சொல் என்று ஒரு விளக்கம் உண்டு. ஊசியைக் குறிக்கும் பாரசீகச் சொல்லான ‘சூஸன்’ வழி வந்தது என்று மற்றொரு விளக்கமும் உண்டு. சொல்வரலாறு எதுவாயினும், முதல் விளக்கத்தின் பரவல் ஒன்றைத் தெளிவாக்குகிறது: அச்சொல்லைப் புழங்குவோர் மனத்தில் அது பிறந்த குழந்தையின் துணி. மராட்டியத்தின் ‘கோதடி’, கன்னடத்தின் ‘கௌதி’ எனப் பெயர்கள் மாறினாலும் பழந்துணி, அடுக்கு, ஓடும் தையல் என்ற மூன்றும் மாறுவதில்லை.

இனி, ‘நக்‌ஷி காந்தா’ என்ற தொடரைக் கவனிக்க வேண்டும். ‘நக்‌ஷி’ என்றால் சித்திர வேலைப்பாடுடையது. மொழியியலில் குறியுடைய வடிவம், குறியற்ற வடிவம் என்றொரு பாகுபாடு உண்டு. ‘எருமைப்பால்’ என்று சொல்லத் தேவைப்படும் அடைமொழி, வெறும் ‘பால்’ என்பதற்குத் தேவையில்லை. அடைமொழி பெறாதது அன்றாடமானது, பெற்றது விலகலானது. காந்தாவிலும் அப்படித்தான். சித்திரமற்ற காந்தாவே வீடுதோறும் இருந்தது. ஆனால் அறிஞருலகம் அறிந்திருப்பது பெரும்பாலும் விலகலைத்தான். குருசதய் தத் திரட்டியவை கொல்கத்தாவை அடுத்த ஜோகா அருங்காட்சியகத்திலும், ஸ்டெல்லா கிராம்ரிஷ் சேர்த்தவை பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்திலும் இடம்பெற்றன. 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ் மேற்கு வங்கம் பதிவு பெற்றதும் ‘நக்‌ஷி காந்தா’ என்ற பெயரில்தான்.

சேகரித்தோரைக் குறைசொல்வதற்கில்லை. குழந்தையின் சிறுநீரில் நனைந்து, துவைத்து, கிழிந்து, கடைசியில் கரித்துணியாகும் பொருளை எந்தக் கண்ணாடிப் பேழையும் காப்பாற்ற இயலாது. தன் வேலையை முழுமையாகச் செய்த காந்தா மிஞ்சுவதில்லை. மிஞ்சியதை மட்டும் கொண்டு வரலாறு எழுதினால், பயன்பாடு அழகியலின் அடிக்குறிப்பாகிவிடும். சிக்கல் அங்குதான் தொடங்குகிறது.

‘குழந்தையின் அறை’ என்ற சொற்றொடர் இந்திய விளம்பரங்களில் இயல்பாகிவிட்டது. திரைச்சீலையோடு நிறம் பொருந்திய மெத்தை, தலையணை, தடித்த போர்வை என்று ஒரு முழுத்தொகுப்பு அதன் பெயரால் விற்கப்படுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் ஏறத்தாழ 37 விழுக்காடு ஒற்றை அறை வீடுகளில் வாழ்ந்தன. அத்தகைய வீட்டில் குழந்தைக்கென்று சுவர் இல்லை. மூலையில் விரித்த அந்த முழ நீளத் துணியே எல்லை. அதை விரித்தால் அறை உண்டாகிறது, மடித்தால் மறைகிறது. அவ்வகையில் காந்தா தைப்பது அறை கட்டுவதற்கு ஒப்பானது.

அந்த உழைப்பு எங்கே கணக்கில் வருகிறது? 2008ஆம் ஆண்டின் தேசியக் கணக்கு முறைப்படி, சொந்தப் பயன்பாட்டுக்கு ஒரு பொருளை உண்டாக்குவது உற்பத்தியின் எல்லைக்குள் அடங்கும். சொந்த வீட்டுக்கான ஊதியமற்ற சேவைகள் வெளியே நிற்கும். ஐக்கிய நாடுகள் அவையின் 2016 காலப் பயன்பாட்டு வகைப்பாடும் இக்கோட்டையே தொடர்கிறது: துணிப்பொருள் செய்தல் ஒரு பிரிவு, கிழிசல் தைத்தல் உள்ளிட்ட துணிப் பராமரிப்பு வேறு பிரிவு. பழைய புடவையிலிருந்து புதிய விரிப்பு உண்டாக்குபவள் எந்தப் பிரிவு? குழந்தையைத் தட்டிக்கொண்டே அவள் தைத்தால் மூன்றாவது பிரிவும் வந்துவிடுகிறது. 2024ஆம் ஆண்டின் இந்தியக் காலப் பயன்பாட்டு ஆய்வில், 6 வயதும் அதற்கு மேலும் உள்ளோருள் ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களையும் ஆண்கள் 88 நிமிடங்களையும் அதற்குச் செலவிட்டனர். காந்தாவின் நிமிடங்கள் அந்த 289க்குள் கரைந்தனவா, உற்பத்தியாகப் பதிவாயினவா என்பது, கேட்பவர் எந்த வினைச்சொல்லால் கேட்கிறார் என்பதைப் பொறுத்தது. ‘தைத்தீர்களா?’ என்பதும் ‘செய்தீர்களா?’ என்பதும் ஒரே விடையைத் தரா.

சந்தையே இதற்குத் தீர்வு தந்துவிட்டது என்று வாதிடலாம். காந்தாத் தையலும் சுஜனித் தையலும் இன்று பல பெண்களுக்கு வருமானம் தருகின்றன. அது சிறிய செய்தியன்று. ஆயினும் கடையில் ‘காந்தாப் புடவை’ என்று விற்பது பெரும்பாலும் புதுப்பட்டின்மேல் இட்ட தையல். பழந்துணியும் அடுக்கும் போய், ஒரு தையலின் பெயராகச் சொல் சுருங்கிவிட்டது. விற்பனைக்குத் தைத்தவளுக்குக் கூலி உண்டு. தன் குழந்தைக்குத் தைத்தவளுக்குப் பாசம் என்ற பட்டமே மிச்சம். அதே கை, அதே ஊசி.

இதைச் சுட்டுவது, பெண்கள் மீண்டும் உட்கார்ந்து தைக்க வேண்டும் என்பதற்காக அன்று. அந்த மதிய வேளைகளில் பல, வேறு வழியின்மையால் தைத்தவை. வீட்டில் செய்ததெல்லாம் நல்லது என்றும் கொள்ளக்கூடாது: ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் படுக்கையில் தளர்ந்த போர்வையும் தலையணையும் வேண்டாம் என்ற குழந்தை மருத்துவர்களின் அறிவுரை, கடைப்பொருளுக்கும் கைத்தையலுக்கும் ஒன்றே.

வேண்டுவது வேறு. நெசவு, நாட்டார் கலை, பெண்ணியப் பொருளியல், களமொழியியல் என எத்துறையில் ஆய்வு செய்யும் மாணவரும், சித்திரம் அற்ற ஒரு விரிப்பையாவது முழுமையாகப் பதிவு செய்யலாம். எத்தனை அடுக்கு, யார் உடுத்திய துணி, நூல் எங்கிருந்து வந்தது, எத்தனை நாள் பிடித்தது, ஒவ்வொரு செயலுக்கும் தைத்தவர் வாயில் வரும் சொல் என்ன, அது கிழிந்த பின் என்னவாயிற்று. அருங்காட்சியகம் துணியை வைத்துக்கொள்ளும். வினைச்சொற்களை வைத்துக்கொள்ள வேறு எவரும் இல்லை. தைத்தவர்கள் இருக்கும்போதே அவற்றைக் கேட்டாக வேண்டும்.