அடி விளிம்பைத் தடவிப் பாருங்கள்!

ஐந்து வருட வாரண்டியோடு வாங்கிய மர ஜன்னல் கதவுகள், முதல் ஆனி மழையிலேயே உப்பி, மூட முடியாமல் போயின. கடையில் கேட்டால், "ஈரம் பட்டா வாரண்டி கிடையாதும்மா" என்றார்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற குமரி மாவட்டத்தில் ஈரம் படாத ஜன்னல் ஏது?

எங்கள் ஆசாரி கதவைக் கழற்றிக் காட்டினார். மேல் விளிம்பிலும் அடி விளிம்பிலும் பெயின்ட்டே இல்லை! "இதுவழியாத்தான் தண்ணி குடிச்சிருக்கு" என்றார். அதைப் படம் எடுத்து, பில் நகலோடு கடைக்குக் கடிதம் அனுப்பினேன். மாற்றித் தந்தார்கள்.

சகோதரிகளே, வாங்கும்போதே விளிம்பைப் பாருங்கள். மழைக்கும் வாரண்டி உண்டா என்று எழுதி வாங்குங்கள். மறுத்தால், 2 ஆண்டுக்குள் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

- ஒரு வாசகி, தக்கலை.